கண்ணில் படாத முதல் பூச்சு

குரோம்பேட்டையில் என் வீட்டு போர்டிகோவில் 1966ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று பிரித்துப் போட்டபடி நிற்கிறது. பானெட் சுவரோரம், கதவுகள் மாடிப்படிக்கு அடியில், சேஸிஸ் மரக்கட்டைகளின் மேல். பாலிடெக்னிக்கில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வண்டி என் தாய்மாமாவுடையது. அவர் காலத்துக்குப் பிறகு பல வருஷம் வேப்பமரத்தடியில் கிடந்தது. டிக்கி ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால் அதன் வயது அடுக்கடுக்காக வெளியே வருகிறது. மேலே மெரூன் எனாமல். அதற்கடியில் மாமா ஒரு காலத்தில் ஆசைப்பட்டு அடித்த க்ரீம் நிறம். பிறகு சாம்பல் பட்டி. பிறகு ரெட் ஆக்சைடு. பிறகு கம்பெனியில் அடித்த வெளிர்நீலம். எல்லாவற்றுக்கும் கீழே, தகட்டை ஒட்டியபடி, மெல்லிய ஒரு பிரைமர்.

கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எஞ்சினை எழுதுவார்கள், வடிவத்தை எழுதுவார்கள், நிறத்தை எழுதுவார்கள். நான் எழுத விரும்புவது அந்தக் கடைசி அடுக்கைப் பற்றி. ஒரு வண்டி அரை நூற்றாண்டு பிழைக்குமா, பத்து வருஷத்தில் பொத்தலாகிவிடுமா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். அதைக் கண்டுபிடிக்க உலகம் நூறு வருஷத்துக்கு மேல் பாடுபட்டிருக்கிறது. அந்தப் பாட்டுக்கான விலையில் ஒரு பங்கை, அதைத் தகட்டில் பூசிய தொழிலாளிகளின் உடம்பு கொடுத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

இரும்பின் குணம்

இரும்பு பூமியிலிருந்து ஆக்சைடாகத்தான் கிடைக்கிறது. உலையில் வைத்து ஆக்சிஜனைப் பிரித்தெடுத்து அதை உலோகமாக்குகிறோம். ஈரமும் காற்றும் கிடைத்தால் அது பழையபடி ஆக்சைடாகப் போய்விடும். உப்பு சேர்ந்தால் இன்னும் வேகமாகப் போகும். அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு, அடியிலிருக்கும் உலோகத்தை மூடிக் காப்பாற்றும். இரும்பின் துரு அப்படியல்ல. அது நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடியில் இருப்பதையும் தின்னும். எந்த இரும்பிலிருந்து உண்டானதோ அதைவிடப் பல மடங்கு இடத்தையும் அடைக்கும். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்புவதும், இரண்டு தகடுகள் சேரும் மடிப்பு பிளந்துகொள்வதும் அதனால்தான்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு விதிவிலக்கு நிற்கிறது. குப்தர் காலத்தில் செய்யப்பட்ட டெல்லி இரும்புத் தூண் 1600 வருஷம் வெயிலையும் மழையையும் பார்த்துவிட்டது. 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் அந்தத் தூணை வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். அந்தக் கால உலைமுறையில் இரும்புக்குள் பாஸ்பரஸ் நிறையத் தங்கிவிட்டது. அது இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்து, மேற்பரப்பில் பாஸ்பேட் கலந்த ஓர் இறுக்கமான படலத்தை உருவாக்கிவிட்டது என்று அவர் விளக்கினார். தூணைக் காப்பது அந்தப் படலம். இந்தப் பாஸ்பேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கார்த் தொழிலும் சுற்றி வளைத்து அதனிடமே வந்து சேர்ந்தது.

மரவண்டிக் காலம்

மோட்டார் காரின் உடம்பு குதிரை வண்டியிலிருந்து வந்தது. சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் கோச்சு வண்டிகள் செய்துகொண்டிருந்தது. அங்கேதான் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் காரைச் செய்தார். அந்தக் காலத்து வண்டி என்றால் தேக்கு, ஆஷ் போன்ற மரத்தில் சட்டம், அதன்மேல் ஆணியடித்த பலகை அல்லது தகடு. பெயிண்ட் அடிப்பது தச்சு வேலைக்குச் சமமான ஒரு தனிக் கலை. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஈய வெள்ளை முதல் பூச்சு. அது காய்ந்தபின் நிரப்புப் பூச்சுகள். அவற்றை நுரைக்கல்லும் தண்ணீரும் கொண்டு தேய்த்துச் சமமாக்கி, அதன்மேல் நிறம், அதன்மேல் வார்னிஷ். ஒவ்வொரு பூச்சும் காய நாள்கணக்காகும். நல்ல வண்டி ஒன்று பெயிண்ட் கொட்டகையை விட்டு வெளியே வர வாரங்கள் பிடிக்கும்.

அவ்வளவு மெதுவாக நடந்ததால்தான் அந்தப் பூச்சு நிலைத்தது. ஈயமும் ஆளிவிதை எண்ணெயும் சேரும்போது ஈய சோப்பு உண்டாகிறது. அது துருவை நேரடியாகத் தடுக்கிறது. இரும்புக்கென்று தனியாக இருந்தது ஈயச் செந்தூரம். பாலங்கள், கப்பல்கள், தண்ணீர்த் தொட்டிகள் என்று 19ஆம் நூற்றாண்டின் இரும்பெல்லாம் அந்த ஆரஞ்சுச் சிவப்பைத்தான் உடுத்தியிருந்தது.

வேகம் வந்தது அமெரிக்காவிலிருந்து. ஃபிலடெல்ஃபியாவில் எட்வர்ட் பட் என்பவரின் தொழிற்சாலை தகட்டை அச்சில் அழுத்தி முழு எஃகு உடம்பு செய்யத் தொடங்கியது. 1914இல் டாட்ஜ் சகோதரர்களின் கார் அந்த உடம்போடு வந்தது. மரம் விலகியதால் உலையில் வைத்துப் பெயிண்டைச் சுட முடிந்தது. 1923இல் டுபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ வந்தது. வெடிமருந்துக்கும் சினிமா பிலிமுக்கும் உதவிய அதே நைட்ரோ செல்லுலோஸைக் கரைத்துச் செய்த லாக்கர் அது. ஸ்ப்ரே கன்னில் அடித்தால் நிமிஷங்களில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும். ஓக்லண்ட் கார்கள் முதலில் அந்த நீலத்தில் வந்தன. வாரக்கணக்கான வேலை நாள்கணக்குக்கு இறங்கியது. நம்மூரில் மர பீரோவுக்கு அடிக்கிற பெயிண்டைக்கூட இன்றைக்கும் டூக்கோ என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் லாக்கருக்கு ஒரு குறை உண்டு. அது பளபளக்கும், வெறும் இரும்பைப் பிடித்துக்கொள்ளாது. தகட்டுக்கும் லாக்கருக்கும் நடுவே இரண்டையும் பிடிக்கிற ஒன்று தேவைப்பட்டது. பிரைமர் என்பது கார்த் தொழிலில் ஒரு தனி வேலையாக நின்றது இப்படித்தான்.

தண்ணீர் உள்ளே நிற்கும் காலம்

இங்கிலாந்தில் பர்மிங்ஹாமைச் சேர்ந்த தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் 1906இல் ஒரு காப்புரிமை வாங்கினார். நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தில் இரும்புத் தூளைப் போட்டுக் கொதிக்கவைத்து, அதில் இரும்புப் பொருள்களை முக்கி எடுப்பது அவர் முறை. அமிலம் மேற்பரப்பை லேசாகக் கடிக்கும். கடித்த இடத்தில் கரையாத பாஸ்பேட் படிகங்கள் முளைக்கும். டெல்லித் தூணில் காலம் தானாகச் செய்ததை இங்கே ஒரு தொட்டி செய்தது. 1915இல் டெட்ராய்ட்டில் பார்க்கர் ரஸ்ட் புரூஃப் கம்பெனி தொடங்கியது. அதன்பின் பாஸ்பேட் முக்கல் மெல்ல மெல்லக் கார்த் தகட்டுக்கும் வந்தது. அந்தப் படிகங்கள் பெயிண்டை இறுக்கிப் பிடிக்கும். கல் பட்டுக் கீறினாலும் துரு பக்கவாட்டில் ஊர்ந்து போக விடாது.

இதற்குள் வேறொரு மாற்றம் நடந்துவிட்டது. 1934இல் சிட்ரோயனின் ட்ராக்ஸியான் அவாங் கார் சேஸிஸ் இல்லாமல், உடம்பே எலும்பாக நிற்கும்படி வந்தது. போருக்குப் பிறகு பெரும்பாலான கார்கள் அந்த வழிக்குப் போயின. நம் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் அப்படித்தான். அப்படிப்பட்ட வண்டியில் பலம் தருவது மடித்து மூடிய பெட்டிக் குழாய்கள். வெளியே எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் அந்தக் குழாய்களின் உட்புறத்துக்கு ஸ்ப்ரே போகாது, தண்ணீர் போகும். அதனால் துரு உள்ளிருந்து வெளியே வரத் தொடங்கியது. வெளியில் ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே தகடு பெரும்பாலும் முடிந்திருக்கும்.

தொழிற்சாலைகள் இதற்கு வழி தேடின. பிரிட்டனில் 1950களில் உடம்பை ஒரு நீளக் கம்பியில் கோத்து உருட்டியபடியே பாஸ்பேட் தொட்டியிலும் பிரைமர் தொட்டியிலும் முக்கினார்கள். ஃபோர்டு கம்பெனியில் ஜார்ஜ் புரூவர் வேறொரு வழி கண்டார். தண்ணீரில் கரைத்த பிரைமரில் உடம்பை அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சினால், பெயிண்ட் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் மின்சாரத்தைத் தடுப்பதால், இன்னும் பூச்சு ஏறாத மூலைகளைத் தேடிப் போகும். 1960களின் தொடக்கத்தில் அது உற்பத்திக்கு வந்தது. 1970களில் மின்முனையைத் திருப்பி உடம்பை எதிர்மின்முனையாக்கியதும் அதன் பலம் பல மடங்கானது. அதே காலத்தில் போர்ஷே துத்தநாகம் பூசிய தகட்டுக்கு மாறியது. இன்றைய கார்கள் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் தகடு மாறியது மட்டுமல்ல. இந்தத் தொட்டிகள்தான் பெரிய காரணம்.

தொட்டி கிடைக்காதவர்களுக்கு 1959இல் டெட்ராய்ட்டில் கர்ட் ஜீபார்ட் ஒரு வழி காட்டினார். விற்றுப்போன காரில் சிறு துளை போட்டு, நீளக் குழாய் வழியே பெட்டிக் குழாய்களுக்குள் மெழுகு போன்ற கலவையைப் பீய்ச்சி, துளையை அடைப்பான் வைத்து மூடுவது. என் போர்டிகோவில் இன்றைக்கு நடக்கிற வேலையில் கடைசிப் படி அதுவே.

மதராஸில் ஹெரால்டு

ஹெரால்டுக்கு மட்டும் ஒரு பாக்கியம் வாய்த்தது. பிரிட்டனில் ஸ்டாண்டர்ட் டிரையம்ப் கம்பெனிக்கு உடம்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடம்பை ஒரே இடத்தில் அழுத்தித் தர ஆளில்லை. ஆகவே பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பழைய முறைக்கே திரும்பி, தனி சேஸிஸ் வைத்து, சிறு சிறு துண்டுகளாகச் செய்த உடம்பை அதன்மேல் போல்ட் போட்டு மாட்டினார். வடிவம் தந்தவர் இத்தாலியின் மிக்கேலோத்தி. 1959இல் வண்டி வெளிவந்தது.

1961 முதல் அது ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூருக்கு அருகே ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் ஆலையில் உருவானது. பின்னாளில் வந்த நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அது மதராஸ் சரக்கு. 1972இல் அதன் இடத்துக்குக் கெஸல் வந்தது. 1980களின் இறுதியில் ஆலையே மூடப்பட்டது.

உடம்பு செய்து கொடுத்த கம்பெனி கைவிட்டுப் போனதால் பிறந்த அந்த அமைப்பு, வீட்டில் வேலை செய்கிறவனுக்கு வரமாகிவிட்டது. ஸ்பானர் இருந்தால் போதும், பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாகக் கழன்றுவிடும். உடம்பு முன்பாதி பின்பாதியாகப் பிரியும். கதவுக்கடியில் ஓடும் பட்டை தனியே வரும். மூடிய இடம் குறைவு. திறந்து பார்க்கலாம், சுரண்டலாம், பூசலாம். என் வண்டியில் துரு இருந்த இடங்கள் ஹெரால்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த இடங்கள்தான். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள். உடம்புக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைத்த திண்டுகளின் அடி. பேட்டரி வைக்கும் மேடை. டிக்கியில் ஸ்டெப்னி குழி. கதவின் அடிமடிப்பு. தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் துரு, ஓடுகிற இடமெல்லாம் தகடு.

புதுப்பேட்டையின் முறை

எனக்குத் துணையாக வருகிறவர் சென்னைப் புதுப்பேட்டைப் பட்டறைகளில் சிறுவயதில் தொழில் பழகிய ஒரு டிங்கர் மேஸ்திரி. அவர் தலைமுறையின் கதை லைசென்ஸ் காலத்தின் கதை. புதுக் கார் வேண்டுமென்றால் பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் இருக்கிற வண்டியைச் சாகவிடமாட்டார்கள். அம்பாசடரின் தரைத்தகடு போனால் வெட்டி எறிந்துவிட்டு 20 கேஜ் தகட்டில் புதிது மடித்து கேஸ் வெல்டிங் வைப்பார்கள். பள்ளத்தை டாலியும் சுத்தியும் வைத்துத் தட்டி எடுப்பார்கள். அந்தக் கைவேலைக்கு ஈடாக எந்த நாட்டுப் பட்டறையையும் நான் சொல்ல மாட்டேன்.

பிரைமர் விஷயத்தில்தான் பட்டறைகள் நெருக்கடியில் இருந்தன. கிடைத்தது ரெட் ஆக்சைடு. செம்மண் நிறமான அந்த இரும்பு ஆக்சைடு தானாகத் துருவைத் தடுக்காது. அதோடு ஜிங்க் குரோமேட் கலந்திருந்தால்தான் தடுக்கும். இந்தியத் தரக் குறியீட்டில் அந்தக் கலவைக்கு ஐ.எஸ். 2074 என்று எண். ஈயச் செந்தூர பிரைமருக்கு ஐ.எஸ். 102. கடையில் வாங்கும் மலிவு டின்னில் எது எவ்வளவு இருக்கிறது என்று பட்டறைக்காரருக்குச் சொல்ல ஆளில்லை. சிவப்பாக இருந்தால் பிரைமர் என்று நம்பினார்கள்.

அதற்குமேல் தண்ணீர். பட்டி போட்டுக் காய்ந்ததும் வாட்டர் பேப்பர் வைத்துத் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்ப்பது வழக்கம். தூசி பறக்காது, பேப்பர் நீடிக்கும், பரப்பு வழவழவென்று வரும். ஆனால் பட்டியில் இருப்பது டால்க். அது ஈரத்தைக் குடிக்கும். ரெட் ஆக்சைடும் ஈரத்தை உள்ளே விடும். சென்னையில் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் உப்புப் போர்த் தண்ணீர். தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு தங்கிவிடும். மேலே பெயிண்ட் மூடியபின் அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை உள்ளே இழுக்கும். அடுத்த மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பும். பெயிண்ட் மட்டம் என்று கம்பெனியைத் திட்டுவார்கள். குற்றம் வாளித் தண்ணீரில் இருக்கும்.

இதையெல்லாம் மேஸ்திரி சமன்பாடு இல்லாமலே அறிந்து வைத்திருக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் பெயிண்ட் வேலை எடுக்க மாட்டார். மற்ற மாதங்களிலும் காலை பத்து மணிக்கு முன்பு கன்னைத் தொட மாட்டார். ஈரக்காற்றில் லாக்கர் அடித்தால் தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் பூச்சின் மேல் வெள்ளை பூத்துவிடும் என்பது அவருக்கு அனுபவப் பாடம். ஒருநாள் நான் நிறத்தைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த ஸ்கிரேப்பரை நிறுத்தாமலே சொன்னார்: “மேல அடிக்கிற கலரு ஊருக்கு சார். கீழ அடிக்கிற பிரைமருதான் வண்டிக்கு.” இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கான விளக்கம்தான்.

காரைக்குடியிலும் மண்டபத்திலும்

மேஸ்திரி பட்டறையில் கற்ற அதே பாடத்தை நம் மாநிலத்தில் ஒரு பெரிய நிறுவனம் ஆய்வுக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்ததால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் திறப்பு விழா. ஊர்க்காரர்களுக்கு அது சிக்ரி. அரிப்பைத் தடுப்பது அதன் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று. மண்டபம் கடற்கரையில் தகடுகளைச் சட்டங்களில் கட்டிக் காற்றில் வைத்து, எவ்வளவு நாளில் எவ்வளவு எடை குறைகிறது என்று அளந்தார்கள். இந்தியாவின் எந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாக அழியும் என்பதற்கு ஒரு வரைபடமே அந்த நிறுவனம் வெளியிட்டது.

மண்டபத்தைத் தேர்ந்ததில் ஆச்சரியமில்லை. பக்கத்திலேயே 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம், கடலின் நடுவே உப்புக் காற்றில் நின்றது. சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் அங்கே ஓய்ந்ததே இல்லை. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தது. புதியதற்குப் பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். பாம்பனில் அந்தப் பழைய இரும்பை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிற்கவைத்தது, பிரஷ்ஷும் ஸ்கிரேப்பரும் பிடித்துத் தொங்கிய தொழிலாளிகளின் கை.

விஷமாக இருந்த காவல்

இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று. துருவை நன்றாகத் தடுத்த பொருள்களெல்லாம் மனிதனைக் கெடுத்தன. ஈயச் செந்தூரம் ரத்தத்தில் கலந்து நரம்பைக் கெடுக்கும். ஜிங்க் குரோமேட்டில் இருக்கும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக உருவான எட்ச் பிரைமர், பாஸ்பாரிக் அமிலத்தையும் பெயிண்டையும் ஒரே பூச்சில் தந்த அருமையான கண்டுபிடிப்பு. அதிலும் காவல் காத்தது குரோமேட்தான். இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் இன்றைய டூ கே பெயிண்டில் பொதுவாக ஈயம் இல்லை. ஆனால் அதைக் கெட்டியாக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், வந்தால் பெரும்பாலும் போகாது.

ஸ்ப்ரே கன் பிடித்த நம் ஆட்களுக்கு இருந்த பாதுகாப்பு, மூக்கில் கட்டிய கைக்குட்டை. வேலை முடிந்ததும் வாழைப்பழமும் வெல்லமும் சாப்பிட்டால் நெஞ்சில் படிந்தது இறங்கிவிடும் என்று நம்பினார்கள். இறங்காது. மேஸ்திரியின் கூட்டாளிகளில் பெயிண்டர்கள் பலர் அவர் வயதை எட்டவில்லை என்று அவரே சொல்கிறார்.

வீட்டு அலங்காரப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசின் விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. ஆனால் தொழிற்சாலைப் பெயிண்ட் அதற்குள் வரவில்லை. பழைய வண்டியைச் சுரண்டுகிறவர் சுவாசிப்பது 50 வருஷத்துக்கு முந்தைய பெயிண்டை என்பதையும் எந்த விதியும் தொடவில்லை.

ஒரு கதவின் அடிமடிப்பு

இப்போது போர்டிகோவில் என்ன செய்கிறோம் என்று ஒரே ஒரு இடத்தை வைத்துச் சொல்கிறேன். இடது கதவின் அடிமடிப்பு. கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற அங்கே சிறு துளைகள் உண்டு. வேப்பிலைச் சருகும் பழைய பட்டியும் அடைத்து அவை மூடிக்கிடந்தன. உள்ளே தண்ணீர் நின்று மடிப்பு முழுவதும் பொறுக்குத் தட்டியிருந்தது. மேஸ்திரி ஆணியால் குத்திப் பார்த்தார். ஆணி இறங்கிய இடமெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டுக்கு ஒரு விரல் தள்ளி நல்ல தகட்டில் வெட்டினார். துருவுக்கு மேல் தகடு ஒட்டினால் துருவைப் பூட்டி வைத்ததாகும்.

சி.ஓ.டூ. வெல்டிங்கில் புதுத் துண்டு ஏறியது. தகடு சூட்டில் நெளியாமலிருக்கப் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைத்தார். கப் பிரஷ்ஷால் துருவி எடுத்தபின்னும் குழிகளுக்குள் கறுப்புப் புள்ளிகள் மிச்சமிருக்கும். அங்கே மட்டும் நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் தடவி, ஊற விட்டு, கேன் தண்ணீரில் துடைத்து, ஹாட் ஏர் கன்னால் உடனே உலர்த்தினோம். அமிலம் மிச்சமிருந்தால் மேலே வரும் எபாக்சி பிடிக்காது. பிறகு வேக்ஸ் ரிமூவரில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. அதற்குமேல் வெறும் கையால் தகட்டைத் தொடக்கூடாது. வேர்வையில் உப்பு இருக்கிறது.

அதே மதியம் எபாக்சி பிரைமர். சென்னைக் காற்றில் வெறும் தகட்டை இரவு வைத்தால் காலையில் இளம்பழுப்புப் படலம் நிற்கும். எபாக்சி இரண்டு பாகமாக வரும். கலந்தபின் சிறிது நேரம் ஊறவிட்டு அடிக்க வேண்டும். அது ரெட் ஆக்சைடு மாதிரி ஈரத்தை எளிதில் உள்ளே விடாது. பட்டி வேண்டிய இடத்தில் எபாக்சிக்கு மேல்தான் போடுகிறோம். வெறும் தகட்டில் போடுவதில்லை. இந்த வரிசையை மேஸ்திரி முதலில் ஏற்கவில்லை. “பட்டி தகட்டைத்தான் கடிக்கணும்” என்பது அவர் படித்த பாடம். எபாக்சியைப் பேப்பர் போட்டுக் கீறி, அதன்மேல் பட்டி வைத்துக் காட்டியபின், ஸ்கிரேப்பரால் பெயர்த்துப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். எபாக்சிக்கு மேல் போட்டாலும் பட்டி ஈரத்தைக் குடிக்கும் என்பதால், அதைக் காய்ந்த பேப்பரில்தான் தேய்க்கிறோம், தண்ணீர் இல்லை. வண்டி முழுக்க நிறம் ஏறியபின், துளை வழியே மடிப்புக்குள் மெழுகுக் கலவை பீய்ச்சுவோம். வடிகால் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்து வைப்போம்.

எனக்கும் அவருக்கும் வடிகட்டி வைத்த முகமூடி இருக்கிறது. ஐசோசயனேட் கலந்த மேல்பூச்சுக்கு அந்த வடிகட்டிகூடப் போதாது. வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி வேண்டும். ஆகவே அந்த வேலையை அத்தகைய முகமூடியும் காற்றை இழுக்கும் விசிறியும் உள்ள பூத்தில் கொடுத்து அடிக்கப் போகிறோம், போர்டிகோவில் அடிக்கமாட்டோம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு

இன்று ஹெரால்டு, பத்மினி, அம்பாசடர் வைத்திருக்கும் இளைஞர்கள் பலரைப் பார்க்கிறேன். எந்த நிறம் அசல் நிறம் என்று தேடி அலைகிறார்கள். அதில் காட்டும் அக்கறையில் பாதியை முதல் பூச்சில் காட்டுங்கள். பட்டறையில் வண்டியை விடும்போது என்ன நிறம் என்று கேட்பதற்கு முன்பு, தகட்டின் மேல் முதலில் என்ன அடிக்கப் போகிறீர்கள், எந்தத் தண்ணீரில் தேய்க்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். எபாக்சிக்கு ஆகும் கூடுதல் செலவைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அடிக்கிறவருக்கு நல்ல முகமூடி ஒன்றை உங்கள் செலவில் வாங்கிக் கொடுங்கள். பழைய பெயிண்டைச் சுரண்டும்போது தூசியைப் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தகட்டைக் காக்கும் வித்தையை உலகம் கற்றுக்கொண்டுவிட்டது. அதை அடிக்கிற ஆளைக் காப்பது இன்னும் நம் கையில் இருக்கிறது.